அழித்துவிட்டு விற்றுவிடு, அக்கா

புவெனஸ் அயர்ஸ்,
மே 12

அன்புள்ள தியோ அக்காவுக்கு,

சுல்மா எழுதுகிறேன். நானும் விதாலும் சுகம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? அந்தக் கடைவாய்ப் பல்? இன்னும் கிராம்பை அதக்கிக்கொண்டுதான் பார்சல் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறாயாமே. உங்கள் பஸ் கம்பெனி டிரைவர் போன வாரம் மூட்டையைக் கொடுக்கும்போது, "உங்க அக்கா சரக்குன்னா மோந்து பாத்தே சொல்லிடலாம்"னு சிரிக்கிறார். எனக்கு மானம் போகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். நான்கு வருஷத்துக்கு முன் உனக்கு நாடகம் பார்க்க விட்டுவிட்டு வந்தேனே என் லேப்டாப், அதை விற்றுவிடு. இன்னும் கொஞ்ச நாள் போனால் சும்மா கொடுத்தாலும் வாங்க ஆளிருக்காது. வருகிற காசில் பல்லைக் கட்டிக்கொள். ஆனால் அப்படியே தூக்கிக் கொடுத்துவிடாதே. இங்கே எங்கள் தையல் பட்டறையில் நெலிடா என்று ஒருத்தி. எல்லாவற்றையும் குப்பைத்தொட்டிப் படத்துக்குள் தள்ளிவிட்டு, அழிந்துவிட்டது என்று நம்பி விற்றாள். வாங்கினவன் எல்லாவற்றையும் தோண்டி எடுத்து, அவள் பெயரிலேயே அவள் மாமன், சித்தி, பாதிரியார் வரைக்கும் எல்லோருக்கும் உதவி கேட்டு எழுதிவிட்டான். இன்றைக்கும் சர்ச்சுக்குப் போக வெட்கப்படுகிறாள்.

அதனால் டெர்மினலுக்கு எதிரே கடை வைத்திருக்கிற டொன் எலியோதோரோவிடம் கொடு. என் கணக்கிலிருந்து வெளியே வரச் சொல், பிறகு முழுசாகத் துடைக்கச் சொல். அதில் தனிப்பட்டது ஒன்றும் இல்லை. இருந்தாலும் யாரும் பார்க்க வேண்டாம். நீயும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்காதே, நேரம்தான் வீண்.

நீ ஒரு நல்ல போன் வாங்கிக்கொண்டால் முகம் பார்த்தே பேசலாம். இரண்டு முறை லா செஹா கடைவீதியில் பிடுங்கிக்கொண்டு ஓடினார்கள் என்பதற்காக ஆயுள் முழுக்கப் பொத்தான் போனா? இங்கே விசேஷம் ஒன்றும் இல்லை. குளிர ஆரம்பித்துவிட்டது. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் சுல்மா

---

எல் ஆல்டோ,
மே 25

என் கண்ணு சுல்மிக்கு,

கடிதம் கிடைத்தது. முழங்கால் இருக்கிற இடத்திலேயே இருக்கிறது, பல்லும் அப்படியே. நீ சுகமாக இருக்கிறாய் என்று எழுதியதைப் படித்து நிம்மதி. நிஜமாகவே சுகமா? சரி, சுகம் என்றால் சுகம்.

லேப்டாப் சங்கதி. விற்கலாம்தான். ஆனால் சார்ஜர் வயர் எங்கோ போய்விட்டது. கிடைத்தாலும் டொன் எலியோதோரோ கடையில் இல்லை. கிரான் போதேர் திருவிழாவுக்கு மொரெனாதா நடனம் ஆடுகிறாராம், ஒரு மாதமாக ஒத்திகை. கடைக்கதவில் "ஆடிவிட்டு வருகிறேன்" என்று எழுதி ஒட்டியிருக்கிறார். ஆடுகிற மனுஷனைப் பிடித்து, வந்து துடை என்றால் நன்றாகவா இருக்கும்? திருவிழா முடியட்டும்.

இந்த மூட்டையில் காய்ந்த லாமா இறைச்சி, கீன்வா தானியம், நல்ல வெண்ணெய்க்கட்டி எல்லாம் வைத்திருக்கிறேன். இறைச்சியைச் சூப்பில் போட்டு நீ மட்டும் சாப்பிடு, ரத்தம் ஊறும். மாப்பிள்ளைக்கு வேண்டியது ஊறிக்கிடக்கிறது. காலையில் வெறும் வயிற்றோடு பட்டறைக்கு ஓடாதே. குமட்டினாலும் ஒரு ரொட்டித் துண்டையாவது கடித்துக்கொண்டு போ. பொதுவாகச் சொல்கிறேன், குளிர் காலத்தில் யாருக்கும் குமட்டும்.

அன்புடன்,
தியோ அக்கா

---

எல் ஆல்டோ,
மே 25

மாப்பிள்ளை விதாலுக்கு,

உங்கள் உடம்புக்கும் கட்டட வேலைக்கும் ஒரு குறையும் இல்லையே? இந்தக் கடிதத்தை உங்கள் காலுறைப் பொட்டலத்துக்குள் சுருட்டி வைத்திருக்கிறேன். உங்கள் காலுறையை அவள் எட்டாத தூரத்தில்தான் வைப்பாள் என்று எனக்குத் தெரியும்.

மாப்பிள்ளை, சுல்மி முழுகாமல் இருக்கிறாள். நீங்கள் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. எனக்கே தெரியும்.

எப்படி என்றால், அவள் புதுப் போன் வாங்கினதிலிருந்து அதில் எடுக்கிற படமெல்லாம் இங்கே இந்த லேப்டாப்பில் தானாக வந்து விழுகிறது. ஆபீஸ் வைஃபை கிடைத்ததும் ஒவ்வொன்றாக வரும். நான் முதலில் என்ன நினைத்தேன் தெரியுமா? அக்கா தனியாக இருக்கிறாளே என்று அவள்தான் எனக்கு அனுப்புகிறாள் என்று. மழை பெய்த தெரு, கருகின சோறு, உங்கள் புதுச் செருப்பு, எல்லாவற்றையும் பார்த்து மனசுக்குள் நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன். ஏப்ரலில் ஒரு படம் வந்தது. வெள்ளைக் குச்சி, அதில் இரண்டு கோடு. அன்று மத்தியானம் கவுண்டரில் உட்கார்ந்து அழுதேன். மூட்டை கொண்டுவந்த ஒரு அம்மாள் எடை அதிகமா என்று பயந்துவிட்டாள். அடுத்த கடிதத்தில் எழுதுவாள் என்று காத்திருந்தேன். எழுதவில்லை. அப்போதுதான் புரிந்தது, இதெல்லாம் எனக்கு அனுப்பினது இல்லை.

இத்தனை வருஷ உத்தியோகத்தில் ஒருத்தர் மூட்டையைக்கூட நான் பிரித்ததில்லை. உள்ளே கோழி கத்தினாலும் பிரிக்க மாட்டேன். ஊரில் என் பெயரே அதுதான். அப்படிப்பட்டவள் தினமும் மதிய பஸ் கிளம்பினதும் என் சொந்தத் தங்கையின் மூட்டையைப் பிரித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். தப்புதான். ஆனால் விற்றுவிட்டால் அவளைப் பார்க்க எனக்கு வேறு வழி இல்லை. சார்ஜர் என் மேஜை இழுப்பறையில்தான் இருக்கிறது.

அவளிடம் சொல்லாதீர்கள். சாப்பிடுகிறாளா? பயப்படுகிறாளா? எனக்கு ஏன் சொல்லவில்லை? அது ஒன்றுதான் எனக்குத் தூக்கம் வராமல் செய்கிறது.

தியோபிலா

---

புவெனஸ் அயர்ஸ்,
ஜூன் 8

மதிப்புள்ள அக்காவுக்கு,

விதால் வணக்கம். நலம், உங்கள் நலம் கேட்கிறேன். எனக்குச் செங்கல் அடுக்கத் தெரியும், வார்த்தை அடுக்கத் தெரியாது. தப்பிருந்தால் மன்னிக்கவும்.

உங்கள் கடிதத்தைக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் ஒளிந்துகொண்டு படித்தேன். படித்ததும் முதலில் ஞாபகம் வந்தது, போன ஞாயிற்றுக்கிழமை நான் கிழிந்த பனியனோடு சூப் குடித்ததை அவள் படம் எடுத்துச் சிரித்தாள். அது உங்களுக்கு வந்திருந்தால் தயவுசெய்து மறந்துவிடுங்கள். நல்ல பனியன் வேறு இருக்கிறது.

சாப்பிடுகிறாள். லாமா சூப்பை எனக்கு ஒரு கரண்டிகூடத் தரவில்லை. பயப்படுகிறாள். ராத்திரியில் வயிற்றின்மேல் கை வைத்துக்கொண்டு விழித்திருக்கிறாள்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டீர்கள். போன வருஷம் சொன்னாள் அல்லவா. நீங்கள் உடனே தொப்பி, சட்டை, போர்வை எல்லாம் பின்னிப் பார்சல் போட்டீர்கள். அந்தப் பார்சல் வந்து சேர்ந்தபோது ஐந்தாம் மாதத்தில் எல்லாம் முடிந்துபோயிருந்தது. நான்தான் லினியர்ஸ் பஸ் நிலையத்தில் போய் அதை வாங்கி வந்தேன். அவள் பிரிக்கவில்லை. அப்படியே கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. அதற்குப் பிறகு உங்களுக்கு அதை எழுத அவளுக்கு எத்தனை நாள் ஆனது என்று எனக்குத்தான் தெரியும். இந்த முறை அவள் என்னிடம் சொன்னது இதுதான்: "அக்காவை இன்னொரு தடவை அழவைக்க மாட்டேன். கையில பிள்ளையோடதான் எழுதுவேன்."

அவள் உங்களிடம் சொல்லக்கூடாது என்று என்மேல் சத்தியம் வாங்கியிருக்கிறாள். நீங்கள் அவளிடம் சொல்லக்கூடாது என்கிறீர்கள். இரண்டு பேருக்கும் நடுவில் நான் ஒரு ஆள், சாந்துச் சட்டியோடு நிற்கிறேன்.

தங்கள் கீழ்ப்படிந்த,
விதால்

---

புவெனஸ் அயர்ஸ்,
ஜூன் 12

அன்புள்ள அக்கா,

நலமாக இருக்கிறாயா? முழங்காலுக்குச் சூடு ஒத்தடம் கொடுத்தாயா? நாங்கள் சுகம். இறைச்சி அமிர்தம். இங்கே கிடைப்பதெல்லாம் அதன் பக்கத்தில் நிற்காது.

லேப்டாப் என்ன ஆயிற்று? திருவிழா முடிந்து மூட்டை கட்டியாயிற்றே. இன்னமுமா அந்த மனுஷன் ஆடுகிறார்? அக்கா, விளையாட்டு இல்லை. என் அடையாள அட்டை, பாஸ்வேர்டு, பழைய படம் எல்லாம் அதில் திறந்து கிடக்கிறது என்று நினைத்தாலே எனக்கு என்னமோ செய்கிறது. வீட்டுக் கதவைப் பூட்டாமல் வெளியூர் வந்தது மாதிரி இருக்கிறது.

இன்னொன்று. எனக்கு நல்ல அல்பாகா ரோம நூல் கொஞ்சம் அனுப்பு. மெல்லியதாக, மிருதுவாக. வெள்ளை, இல்லாவிட்டால் வெளிர் மஞ்சள். கழுத்துக்கு ஒரு துணி பின்னிக்கொள்ளலாம் என்று. வேறு ஒன்றுக்கும் இல்லை, குளிருக்குத்தான்.

இங்கே ஒரு வேடிக்கை. விதால் ஒரு வாரமாகத் தலையை வாரி, சட்டை மாற்றிக்கொண்டுதான் சாப்பிட உட்காருகிறான். நான் போனை எடுத்தால் மாப்பிள்ளை அழைப்புக்கு வந்த மாதிரி நிமிர்ந்து உட்காருகிறான். "என்னடா ஆச்சு உனக்கு?" என்றால், "மனுஷன்னா ஒரு மட்டு மரியாதை வேணாமா?" என்கிறான். வயசாகிறது போலிருக்கிறது.

உன் சுல்மா

---

எல் ஆல்டோ,
ஜூன் 27

என் தங்கமே,

சுகம், உங்கள் சுகத்துக்கு சான் ஹுவான் திருநாளன்று நெருப்பு மூட்டி வேண்டிக்கொண்டேன். குளிர் எலும்பைக் குடைகிறது. வாளித் தண்ணீர் காலையில் கல்லாகிக் கிடக்கிறது.

நூல் கிடைக்கவில்லை. கடைக்காரி ஊருக்குப் போயிருக்கிறாள். இன்னொரு கடையில் இருந்தது சொரசொரப்பு. மூன்றாவது கடையில் நல்ல நூல்தான், ஆனால் நிறம் கண்ணைக் குத்துகிறது. அதனால் நானே ரெடிமேடாக ஒரு கழுத்துத்துணி வாங்கி இதோடு வைத்திருக்கிறேன். நீ பின்ன வேண்டாம். பின்னினால் கண் கெட்டுவிடும். பட்டறையிலும் பாபினில் நூல் சுற்றுகிற வேலை இருந்தால் அந்த நெலிடாவிடம் தள்ளிவிடு. அவளும் சும்மாதானே இருக்கிறாள்.

லேப்டாப்புக்கு சார்ஜர் கிடைத்துவிட்டது. ஆனால் டொன் எலியோதோரோவுக்கு ஆடி ஆடிக் கால் பிசகிவிட்டது. கால் சரியாகட்டும். துணிச் சுருளைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறாதே. மாப்பிள்ளை நல்ல பிள்ளை, தலை வாருகிறது எல்லாம் நல்ல பழக்கம்தான், கிண்டல் செய்யாதே.

உன் அக்கா

---

புவெனஸ் அயர்ஸ்,
ஜூலை 19

அக்கா,

நலம். நீயும் நலம் என்று நம்புகிறேன்.

எல் ஆல்டோவில் நூல் கிடைக்கவில்லையா? அல்பாகாக்கள் எல்லாம் மொட்டையடித்துக்கொண்டு எங்காவது வேண்டுதலுக்குப் போய்விட்டனவா? உன் கடிதத்தை முதலில் படித்துச் சிரித்தேன். மறுபடி படித்தேன். சிரிப்பு வரவில்லை. நூல் இல்லை, பின்னாதே, பாபின்கூடச் சுற்றாதே. நம் ஊரில் ஒரு பெண்ணுக்கு நூல் கொடுக்க மாட்டேன் என்று சொன்னால் அதற்கு ஒரே காரணம்தான் உண்டு. வயிற்றில் பிள்ளையோடு நூல் சுற்றினால் உள்ளே கொடி பிள்ளையின் கழுத்தைச் சுற்றிக்கொள்ளும். அம்மா உன்னிடம் சொன்னதுதான், நீ என்னிடம் சொன்னதுதான்.

எப்படித் தெரிந்தது என்று யோசித்தேன். விதாலின் தலைமுடி ஞாபகம் வந்தது. போனை எடுத்து என் கணக்கில் எந்தெந்தக் கருவி இருக்கிறது என்று பார்த்தேன். என் போன், அதற்குக் கீழே அந்தப் பழைய லேப்டாப். கடைசியாகத் திறந்தது நேற்று மத்தியானம்.

விதால் உடனே எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். அவனை இரண்டு நாள் சமையலறையில் படுக்க வைத்தேன்.

எல்லாவற்றையும் பார்த்தாயா? ஆஸ்பத்திரி வரிசையில் நின்ற படம்? வயிற்றைக் கண்ணாடியில் பக்கவாட்டில் பார்த்துக்கொண்ட படம்? ஒரு நாள் அழுதுவிட்டு என் முகத்தை நானே எடுத்து வைத்தேன், அதுவும்? அக்கா, அதெல்லாம் நான் யாருக்கும் காட்ட எடுத்தது இல்லை. விதாலுக்கும் காட்டவில்லை. கையில் பிள்ளையோடு உனக்கு எழுத வேண்டும் என்று ஒவ்வொரு ராத்திரியும் அந்தக் கடிதத்தை மனசுக்குள் எழுதிக்கொண்டிருக்கிறேன். முதல் வரிகூட முடிவு செய்துவிட்டேன். அந்த வரியை நீ என்னிடமிருந்து எடுத்துக்கொண்டாய்.

அந்தக் கருவிக்குப் பக்கத்தில் "வெளியேற்று" என்று ஒரு பட்டன் இருக்கிறது. இங்கிருந்தே அமுக்கலாம். மூன்று முறை விரலைக் கொண்டுபோனேன். அமுக்கவில்லை. ஏன் என்று எனக்கே தெரியவில்லை.

சுல்மா

---

புவெனஸ் அயர்ஸ்,
ஆகஸ்ட் 2

என் அன்பு அக்காவுக்கு,

உன் பதில் இன்னும் வரவில்லை. வழியில் பாதை மறியல் என்று கேள்விப்பட்டேன், பஸ் எல்லாம் நிற்கிறதாமே. அதனால்தான் என்று என்னைச் சமாதானம் செய்துகொள்கிறேன். உடம்புக்கு ஒன்றும் இல்லையே? பல் வீங்கியிருக்கிறதா?

கோபத்தில் எழுதிவிட்டேன். எழுதினது பொய் இல்லை, ஆனால் முழுசும் இல்லை. கோபம் தணிய ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. பிறகு அந்தப் படங்களை நானும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன், உன் கண்ணோடு. நீ அங்கே கவுண்டரில், கிராம்பை அதக்கிக்கொண்டு, என்னைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாய். நான் அழுத அன்று என்னோடு யாரும் இல்லை என்று நினைத்தேன். நீ இருந்திருக்கிறாய்.

அந்தப் பட்டனை நான் ஏன் அமுக்கவில்லை என்று அப்போது புரிந்தது. அன்றிலிருந்து தினமும் பட்டறையில் சாப்பாட்டு நேரத்தில் உனக்கென்றே ஒரு படம் எடுக்கிறேன். இந்த முறை எனக்குத் தெரிந்து, உனக்காக. நெலிடாதான் எடுக்கிறாள். நான் ஒரு காகிதத்தில் பெரிதாக எழுதிப் பிடித்துக்கொண்டு நிற்பேன். முதல் நாள் எழுதினது "அக்கா, சாப்பிட்டியா?" மறுநாள் "இன்னிக்கு உதைச்சது." நேற்று "ஏன் பேச மாட்டேங்கிறே?" பட்டறையில் எல்லோரும் எனக்குப் பைத்தியம் என்கிறார்கள். பார்க்கிறாய் அல்லவா? பார்த்துவிட்டு ஒரு வரி எழுது. லேப்டாப்பை விற்க வேண்டாம். பல்லுக்கு வேறு வழி பார்க்கலாம்.

உன் சுல்மி

---

எல் ஆல்டோ,
ஆகஸ்ட் 4

என் சுல்மிக்கு,

நீயும் உன் வயிற்றில் இருப்பதும் நலமாக இருக்க வேண்டும். ஜூலை 19 தேதியிட்ட உன் கடிதம் வந்தது. அன்றே லேப்டாப்பை மூடி வைத்துவிட்டேன், அதற்குப் பிறகு ஒரு படமும் பார்க்கவில்லை. பதில் எழுதுவதற்கு முன் ஒரு காரியத்தை முடித்துவிட வேண்டும் என்று இருந்தேன், அதனால் தாமதம். பாதை மறியலால் இதுவும் எப்போது வந்து சேருமோ.

லேப்டாப்பை அழித்தாயிற்று. விற்றும் ஆயிற்று.

நீ எழுதினதில் ஒரு வார்த்தைக்கும் என்னிடம் மறுப்பு இல்லை. பிறர் மூட்டையைப் பிரிக்கக்கூடாது. அது தங்கை மூட்டையாக இருந்தாலும் பிறர் மூட்டைதான். பாசம் என்று சொல்லிக்கொண்டேன். பாசம் உள்ளவர்கள்தான் அதிகமாகப் பிரிப்பார்கள் என்று கவுண்டரில் உட்கார்ந்திருக்கிற எனக்கே தெரியவில்லை பார்.

டொன் எலியோதோரோ காலில் கட்டோடு உட்கார்ந்திருந்தார். நானே படத்தையெல்லாம் அழித்துவிட்டுக் கொடுக்கிறேன் என்றேன். துள்ளி எழுந்துவிட்டார், கால் வலியெல்லாம் எங்கே போனதோ.

"ஐயையோ, தொடாதீங்க டோன்யா! கணக்குக்குள்ள இருந்துகிட்டே அழிச்சா, அங்க உங்க தங்கச்சிகிட்ட இருக்கிற படமும் சேந்து போயிடும். முதல்ல கணக்கை விட்டு வெளிய வரணும். அப்புறம்தான் துடைக்கணும்."

சட்டென்று கையை எடுத்துக்கொண்டேன். ஏனென்றால் மாப்பிள்ளையின் பனியன் படத்தை, பாவம், அவர் மானத்தைக் காப்போம் என்று நானே ஒரு நாள் அழிக்கப் போனேன். கரண்ட் போனதால் விட்டுவிட்டேன். பிள்ளையின் முதல் ஸ்கேன் படம் அதற்குப் பக்கத்தில்தான் இருந்தது.

"அப்ப குப்பைத்தொட்டியில போட்டா அழியாதா?" என்றேன்.

"தொட்டியில போட்ட குப்பை எங்க போகுது? தொட்டியிலதான கெடக்கும். இதை நான், எழுதின சுவத்துக்கு வெள்ளையடிக்கிற மாதிரி மேல மேல அடிப்பேன். சாயங்காலம் வரைக்கும் ஆகும். இருக்கீங்களா, போறீங்களா?"

இருந்தேன். முதலில் உன் கணக்கிலிருந்து வெளியே வந்தார். அப்புறம் என் பக்கம் திருப்பி, "எல்லாம் போயிடும். ஏதாவது எடுத்து வெச்சுக்கணுமா?" என்று கேட்டார். சுல்மி, உண்மையைச் சொல்கிறேன். ஒரே ஒரு படம், நீ ஜன்னலோரம் ஆரஞ்சு தின்கிற படம், அதை மட்டும் என்று வாய் வரை வந்தது. "ஒண்ணும் வேணாம், அடிங்க வெள்ளை" என்றேன். ஒன்றும் எடுத்துக்கொள்ளவில்லை.

எல்லாம் முடிந்ததும், ஆகஸ்ட் மாதம் அல்லவா, பூமித்தாய்க்குச் செய்கிற மாதிரி அதற்கும் நாலு துளி சாராயம் தெளித்து வண்ணக் காகிதம் தூவினேன். "கீபோர்டு மேல ஊத்தாதீங்க!" என்று அலறினார். ஓரத்தில்தான் தெளித்தேன். எத்தனை மத்தியானம் உன்னை எனக்குக் காட்டிய பொருள், சும்மா அனுப்ப மனசு வரவில்லை. வியாச்சாவிலிருந்து வந்த ஒரு கல்லூரிப் பெண் வாங்கிக்கொண்டு போனாள். பல்லுக்கு அடுத்த வாரம்.

இனி உன்னைப் பற்றி நீ சொன்னால்தான் எனக்குத் தெரியும். சொல்ல வேண்டாம் என்று தோன்றினால் சொல்லாதே. காத்திருக்கிறேன்.

தியோ

---

எல் ஆல்டோ,
ஆகஸ்ட் 16

சுல்மி,

சுகம் விசாரிக்கக்கூட கை ஓடவில்லை. மறியல் விலகி இன்றுதான் உன் ஆகஸ்ட் 2 கடிதம் வந்தது. கவுண்டரிலேயே பிரித்துப் படித்தேன்.

எத்தனை மத்தியானம் அந்தக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாய்? நீ நிற்க ஆரம்பித்தபோதே நான் லேப்டாப்பை மூடிவிட்டேன், பிறகு இங்கே திறந்து பார்க்க ஒன்றுமே இல்லை. நீ யாருக்கும் காட்ட வேண்டாம் என்றிருந்த நாளெல்லாம் உனக்குத் தெரியாமல் பார்த்தேன். நீயே கூப்பிட்டு, பார் என்று நின்ற நாளில் நான் இல்லாமல் போய்விட்டேன். இந்தப் பாவி தலையெழுத்தைப் பார்.

சாப்பிட்டேன், சுல்மி. எல்லா நாளும் சாப்பிட்டேன். உதைத்ததா? எந்தப் பக்கம்? பேச மாட்டேன் என்று இல்லை. உன்னோடு என்னால் எந்த நாளும் பேசாமல் இருக்க முடியாது.

பல் கட்டியாயிற்று. தெருமுனை ஸ்டூடியோவில் ஒரு படம் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். நீ என்னைப் பார்த்து நான்கு வருஷம் ஆயிற்று என்று இன்றுதான் உறைத்தது. பல் தெரியச் சிரியுங்கள் என்றான், கொஞ்சம் அதிகமாகவே சிரித்துவிட்டேன். உனக்கு இது ஐந்தாம் மாதம். நான் நூல் கடைப் பக்கமே போகவில்லை.

உன் அக்கா

---

புவெனஸ் அயர்ஸ்,
டிசம்பர் 9

என் அன்பு தியோ அக்காவுக்கு,

நாங்கள் மூன்று பேரும் சுகம்.

இந்த ஒரு வரியைத்தான் ஏப்ரலிலிருந்து மனசுக்குள் எழுதி வைத்திருந்தேன். நீ என்னிடமிருந்து எடுத்துக்கொண்டாய் என்று சண்டை போட்டேனே, அது இதுதான். எடுத்துக்கொள்ளவில்லை அக்கா, பத்திரமாக இங்கேயே இருந்தது.

பெண் பிள்ளை. டிசம்பர் 3, விடிந்து வெயில் வந்த பிறகு. யமிலா என்று பெயர். தியோபிலா என்று வைக்கலாம் என்று விதால் ஒரே பிடிவாதம். பள்ளிக்கூடத்தில் அழவைப்பார்கள் என்று நான்தான் தடுத்தேன், கோபித்துக்கொள்ளாதே. மூக்கு உன் மூக்கு. அது போதாதா?

பிள்ளை வந்ததும் டாக்டரம்மா, "கொடி எல்லாம் சரியா இருக்கு, கழுத்துல சுத்தல" என்றார். விதால் பெருமையாக, "எப்படிச் சுத்தும்? எங்க அக்காதான் நூலே அனுப்பலையே!" என்றான். அந்தம்மா இவனை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, அவனுக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். தலை மட்டும் நன்றாக வாரியிருந்தான்.

கட்டிலுக்கு அடியில் இருந்த போன வருஷப் பார்சலை வீட்டுக்கு வந்த அன்று நானே பிரித்தேன். தனியாகப் பிரிக்க முடியவில்லை, விதால் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். போர்வை இவளுக்கு அளவாக இருக்கிறது. தொப்பியை மட்டும் மடித்து வைத்துவிட்டேன். அது முதல் பிள்ளையுடையது. அந்தப் பிள்ளைக்கென்று ஒன்று இருக்கட்டும் என்று தோன்றியது. உனக்கும் அப்படித்தான் தோன்றும் என்று தெரியும்.

இதோடு வருகிற பார்சல் உன் பெயருக்கு. நன்றாக ஒட்டிக் கட்டியிருக்கிறேன். உள்ளே படங்கள், எல்லாம் கடையில் அச்சுப் போட்டது. காகிதத்தைப் பிடித்துக்கொண்டு நான் நிற்கிற படங்கள் ஒன்று விடாமல், நீ ஆசைப்பட்ட ஆரஞ்சுப் படம், கண்ணாடிப் படம், அழுத முகம், கடைசியில் இவள். விதாலின் பனியன் படத்தையும் அவனுக்குத் தெரியாமல் வைத்திருக்கிறேன். கவுண்டரில் வந்து இறங்கினதும் யாருடையதோ என்று ஓரமாக வைத்துவிடாதே. இதை நீ பிரிக்கலாம், அக்கா. உனக்காகத்தான் கட்டினேன்.

இவள் தலைக்குப் போடத் தொப்பி ஒன்றும் இல்லை. வெள்ளை, இல்லாவிட்டால் வெளிர் மஞ்சள். இனிமேல் நூல் அனுப்பு.

உன் சுல்மி